அழைத்தும் கேட்காத டோக்கன்: கணினிச் செயலியில் ஒலி நின்றிருப்பதைத் திரையில் தெளிவாகக் காட்டப் பிழை நீக்கும் வழிமுறை

வேலூர் ஆற்காடு சாலையில் காலை ஆறரை மணிக்கே இரத்தப் பரிசோதனைக் கூடங்களின் வாசலில் ஆட்கள் கூடத் தொடங்கிவிடுவார்கள். சித்தூரிலிருந்து முதல் பேருந்தில் வந்தவர்களும், மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடி சந்திப்பில் வந்திறங்கிப் பக்கத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களும், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து ஆட்களுமாக ஒரே கூடத்தில் நான்கு மொழிகள் கலந்து கேட்கும். அப்படியொரு கூடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த டோக்கன் அழைக்கும் செயலி, எண்ணையும் கவுண்டரையும் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் ஆகிய நான்கிலும் சொல்லும்.

ஒரு நாள் காலை அது சொல்லவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. ஸ்பீக்கர் படம் பச்சையாக இருந்தது, அதிலிருந்து மூன்று வளைகோடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன, எண்கள் வரிசையாக ஏறின. சுவர்ப் பெட்டிக்கு நேர்க் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வந்தவர், இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து போய், "ஏம்மா, நாப்பத்தேழு கூப்ட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார். "அப்பவே கூப்ட்டோம் தாத்தா, நீங்கதான் வரல" என்று கவுண்டர்ப் பெண் திரையை நம்பிப் பதில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது: "அண்ணா, சவுண்டு வருதுன்னுதான் காட்டுது, ஆனா வெளியில ஒண்ணுமே கேக்கல."

முந்தைய நாள் மாலை, கூடத்தை மூடும் நேரத்தில் யாரோ, ஒவ்வொரு செயலியின் ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் விண்டோஸின் வால்யூம் மிக்ஸரில் என் செயலியை மட்டும் மியூட் செய்திருந்தார்கள். என் செயலிக்குத் தன் சொந்தப் பொத்தானின் நிலை மட்டுமே தெரியும் என்பதால், அந்தப் பொத்தானைப் பார்த்து ஒலி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தவறு என்னுடையது. பெரியவரைப் பசியோடு உட்கார வைத்தது என் பச்சைப் படம்தான். அன்று தொடங்கி இந்த வகைப் பிழைகளை எப்படி அடையாளம் கண்டு சரிசெய்தேன் என்பதை, கூடத்தில் இருப்பவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே தலைப்பாக்கிக் கீழே எழுதியிருக்கிறேன். மேசைக்கணினிக்குச் செயலி எழுதுபவர்களுக்கும், கடைகளிலும் கூடங்களிலும் அவற்றைப் பராமரிப்பவர்களுக்கும் இது உதவும்.

"சவுண்டு வருதுன்னு காட்டுது, ஆனா கேக்கல"

மிகுதியாக வருவதும், மிகுந்த தீங்கு செய்வதும் இந்த அறிகுறிதான். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பினாலும், நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தால் கடைமடை வயல் காயும். ஒலியும் அப்படித்தான் பல மதகுகளைக் கடந்து வருகிறது. முதலாவது செயலியின் சொந்த மியூட் பொத்தான். இரண்டாவது விண்டோஸ் மிக்ஸரில் அந்தச் செயலிக்கென்று இருக்கும் வரி. மூன்றாவது கணினி முழுவதற்குமான ஒலி. விசைப்பலகையில் உள்ள மியூட் விசை அடைப்பது இதைத்தான். நான்காவது, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்னும் தேர்வு. ஐந்தாவது, கணினிக்கு வெளியே இருக்கும் கேபிள், ஆம்ப்ளிஃபையர், சுவர்ப் பெட்டி. பெரும்பாலான செயலிகள் முதல் மதகை மட்டும் பார்த்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிவிடுகின்றன.

எந்த மதகு அடைத்திருக்கிறது என்று நேரில் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பை ஒலிக்கச் செய்யுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலச் சொடுக்கி வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். ஒலியே எழுப்பாத செயலி மிக்ஸரில் தென்படாது என்பதால், இந்த வரிசையை மாற்றினால் "மிக்ஸரில் நம் செயலியே இல்லையே" என்று வீணாகக் குழம்ப நேரும். செயலியின் வரியில் ஸ்பீக்கர் படத்தின் மீது குறுக்குக் கோடோ பெருக்கல் குறியோ இருந்தால் இரண்டாம் மதகு. பொது ஒலியின் படத்தில் இருந்தால் மூன்றாம் மதகு. இரண்டிலும் இல்லையென்றால், மேலே எந்த வெளியீட்டுக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நிரலில் இதைச் சரிசெய்வது கடினமன்று. 2007இல் வெளிவந்த விஸ்டாவிலிருந்தே, வாசாபி எனப்படும் ஒலி இடைமுகத்தின் வழியாக விண்டோஸ் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலி அமர்வு, அதாவது அதன் ஒலிக்கென ஒரு தனிக் கணக்கு, வைத்திருக்கிறது. அந்த அமர்வின் மியூட் நிலையை ஐ-சிம்பிள்-ஆடியோ-வால்யூம் என்னும் இடைமுகத்திடம் கேட்கலாம். கணினி முழுவதற்குமான நிலையை ஐ-ஆடியோ-எண்ட்பாயின்ட்-வால்யூம் சொல்லும். இவ்விரண்டையும் செயலியின் சொந்த நிலையோடு சேர்த்துப் பார்த்து, மூன்றும் திறந்திருந்தால் மட்டுமே பச்சைப் படத்தைக் காட்ட வேண்டும். இணையப் பக்கம்போல எழுதி மேசைச் செயலியாக்கும் எலக்ட்ரான் போன்ற சட்டகங்களில் எழுதுபவர்கள் இங்கே விழிப்போடு இருக்க வேண்டும்: மியூட் ஆகியிருக்கிறதா என்று சட்டகத்தைக் கேட்டால், அது தான் செய்த மியூட்டை மட்டுமே சொல்லும், மிக்ஸரில் வேறொருவர் செய்தது அதற்குத் தெரியாது.

நிலையைத் தெரிந்துகொண்டபின் வெறும் குறுக்குக் கோட்டை மட்டும் வரைந்து நிறுத்திவிடக் கூடாது. கவுண்டரில் இருப்பவருக்கு ஒலி இல்லை என்பது தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே போய்த் திறப்பது என்பது தெரிய வேண்டும். ஆகவே படத்துக்குப் பக்கத்திலேயே, "ஒலி இல்லை: இந்தச் செயலியில் நிறுத்தியிருக்கிறீர்கள்", "ஒலி இல்லை: விண்டோஸ் மிக்ஸரில் நிறுத்தப்பட்டுள்ளது", "ஒலி இல்லை: கணினி முழுவதும் நிறுத்தப்பட்டுள்ளது" என்று மூன்றுக்கும் தனித்தனி வரி எழுதினேன், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த மதகைத் திறக்கும் பொத்தான் ஒன்றை வைத்தேன். செயலி தானாகவே மியூட்டை எடுத்துவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மயக்கமுற்ற ஒருவரைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சத்தத்தை நிறுத்தியவருக்கு, அது தானே திரும்பி அலறுவது எவ்வளவு இடைஞ்சல் என்று எண்ணிப் பாருங்கள். காட்டுவது செயலியின் வேலை. திறப்பதை மனிதர் செய்யட்டும்.

"மியூட்டை எடுத்தாச்சு, ஆனா படம் மாறல"

செயலி திறக்கும்போது ஒருமுறை நிலையைக் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமலே இருந்துவிடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றாலும், மியூட் விசையை அழுத்தியவர் அந்த இரண்டு நொடிக்குள் இன்னொரு முறை அழுத்திவிடுவார். பிறகு படம் ஒன்று சொல்ல, நிலை வேறொன்றாக இருக்கும். மாற்றம் நிகழும்போது விண்டோஸே வந்து சொல்லும் வழியைப் பயன்படுத்துங்கள். அமர்வின் மாற்றங்களை ஐ-ஆடியோ-செஷன்-ஈவென்ட்ஸ் வழியாகவும், கணினியின் பொது ஒலியில் நிகழும் மாற்றங்களை எண்ட்பாயின்ட் வால்யூமின் திரும்பழைப்பு வழியாகவும் பெறலாம். மாற்றம் நிகழ்ந்ததும் விண்டோஸே அழைக்கும் நம் நிரல்பகுதிதான் திரும்பழைப்பு.

இந்தத் திரும்பழைப்புகள் திரையை வரையும் இழையில் (திரெட்) வருவதில்லை. அங்கிருந்தே படத்தை மாற்ற முயன்றால் சில நேரம் மாறும், சில நேரம் மாறாது, சில நேரம் செயலியே உறைந்து நிற்கும். செய்தியை மட்டும் வாங்கி, திரை இழையின் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். திரும்பழைப்புக்குள் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. திரும்பழைப்புக்காகச் செய்த பதிவை அதே இடத்தில் நீக்கவும் கூடாது.

மாற்றத்தைச் செய்யும்போது நம் செயலி தனக்கென ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பினால், திரும்பழைப்பில் அதே எண் திரும்பி வரும். வேறு எண்ணோ வெற்று எண்ணோ வந்தால் மாற்றத்தைச் செய்தது நாம் இல்லை என்று பொருள். "நிறுத்தியிருக்கிறீர்கள்" என்பதற்கும் "நிறுத்தப்பட்டுள்ளது" என்பதற்கும் மேலே நான் வைத்த வேறுபாடு இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது. ஒருவர் செய்யாததைச் செய்தீர்கள் என்று திரை சொல்லக் கூடாது. கவுண்டரில் வேலை செய்பவர்கள் அப்படிப்பட்ட வரியைக் குற்றச்சாட்டாகவே படிக்கிறார்கள்.

படம் ஒருமுறை சரியாக மாறிப் பிறகு மாறாமல் போனால், இடையில் ஒலிக்கருவி மாறியிருக்கும். புளூடூத் ஹெட்செட்டை இணைத்தாலோ டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினாலோ, விண்டோஸ் தானாக ஒலியை அனுப்பும் இயல்புக் கருவி மாறக்கூடும். நாம் காது வைத்திருப்பதோ பழைய கருவியிடம். இயல்புக் கருவி மாறும் செய்தியையும் பதிவு செய்துகொண்டு, மாறியவுடன் புதிய கருவியில் அனைத்தையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.

"நேத்து நல்லா இருந்துச்சு, காலைல தொறந்தா ஊமை"

மிக்ஸரில் செய்த மியூட்டை விண்டோஸ் மறப்பதில்லை. கணினியை அணைத்து மறுபடி இயக்கினாலும் அந்தச் செயலியின் ஒலி அளவும் மியூட்டும் அப்படியே இருக்கும். பெரியவரின் காலைப்பொழுது போனதும் இதனால்தான். ஒலித்தடத்தைத் திறக்கும்போது நிலையை நினைவில் வைக்க வேண்டாம் என்று விண்டோஸிடம் சொல்லும் கொடி (ஃபிளாக்) ஒன்று உண்டு. டோக்கன் அழைப்பு, அபாய மணி போன்ற செயலிகளுக்கு அதைப் போடுவது சரி. பாட்டுக் கேட்கும் செயலியில் போட்டால் பயனரின் விருப்பத்தை நாளும் அழிப்பதாகும். கொடியைப் போட்டாலும் போடாவிட்டாலும், தொடங்கும் நொடியிலேயே நிலையைக் கேட்டு முதல் திரையிலேயே காட்டுங்கள். முதல் மாற்றம் நிகழும்வரை காத்திருக்கும் செயலி, மியூட் நிலையில் பிறந்தால் நாள் முழுவதும் பொய்யே சொல்லும்.

லினக்ஸிலும் இந்த ஞாபகம் உண்டு. அதில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ ஒவ்வொரு செயலியின் மியூட்டையும் எழுதி வைத்து அடுத்த முறை திருப்பிப் போடும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸின் ஒரு வகையான பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் சில இன்றும் சிறு கடைகளில் ஓடிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். பாவு-கண்ட்ரோல் என்னும் கருவியைத் திறந்து, "பிளேபேக்" தாவலில் செயலியின் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குரோம் உலாவியில் ஓடும் செயலியாக இருந்தால் காரணம் வேறு. 2018இல் வந்த 66ஆம் பதிப்பு முதல், பயனர் பக்கத்தில் ஒருமுறையேனும் சொடுக்கும்வரை பக்கம் பொதுவாகத் தானாக ஒலி எழுப்ப முடியாது. கணினி இயங்கியதும் பக்கம் தானே திறக்கும்படி அமைத்திருக்கும் கூடங்களில், காலையில் யாரும் சுட்டியைத் தொடுவதேயில்லை. ஆகவே யாரும் மியூட் செய்யாமலேயே அது ஊமையாக நிற்கும். ஒலியை ஓட்டச் சொல்லும் கட்டளை மறுக்கப்பட்டதா என்று கவனித்து, மறுக்கப்பட்டால் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு "ஒலியைத் தொடங்க இங்கே தொடுங்கள்" என்று ஒரே ஒரு பெரிய பொத்தானைக் காட்டுங்கள். இங்கே அடக்கம் வேண்டாம். இந்த ஒரு சொடுக்கு கிடைக்காவிட்டால் அன்றைய நாள் முழுவதும் போகும்.

"படம் சரியாத்தான் மாறுது, யாரும் பாக்கறதில்ல"

முதல் பிழையைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் திரும்பிய பிறகு எனக்கு வந்த புகார் இது. நான் ஒரு முற்பகல் முழுவதும் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் கண் மூன்று இடங்களுக்கு மட்டுமே போயிற்று: எதிரே நிற்பவரின் கையிலுள்ள சீட்டு, இரத்தக் குழாயில் ஒட்டும் லேபிள், திரையில் "அடுத்து" என்னும் பொத்தான். மியூட் படமோ வலப்பக்க மேல்மூலையில், சாளரத்தை மூடும் பொத்தானுக்கு அருகே இருந்தது. அங்கே அவர் மாலை ஏழு மணிக்குத்தான் பார்ப்பார். படத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை என்று அப்போது உணர்ந்தேன். "அடுத்து" பொத்தானுக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் வைத்தேன். ஒலி நின்றிருக்கும்போது அந்தப் பொத்தானின் எழுத்தே "அடுத்து (ஒலி இல்லை)" என்று மாறும். கை போகும் இடத்துக்குக் கண்ணும் போகும்.

இன்னொன்றையும் அன்று புரிந்துகொண்டேன். மியூட் என்பது தன்னளவில் பிழை இல்லை. மதிய உணவு நேரத்தில் கூடம் காலியாக இருக்கும்போது மியூட்டாக இருந்தால் ஒரு கேடும் இல்லை. அப்போது சிவப்புப் பட்டை கத்திக்கொண்டிருந்தால், இரண்டே நாளில் கண் அதற்குப் பழகி, வேண்டிய நேரத்திலும் பார்க்காது. கேடு நிகழ்வது ஒரே ஒரு தருணத்தில்தான்: செயலி பேச முயன்று, அந்தப் பேச்சு வெளியே வராத தருணம். ஆகவே குறியை இரண்டு நிலையாகப் பிரித்தேன். மியூட்டாக மட்டும் இருந்தால் பொத்தானில் அமைதியான குறுக்குக் கோடும் எழுத்தும். மியூட்டாக இருக்கும்போதே ஒரு டோக்கன் அழைக்கப்பட்டால், பொத்தானுக்கு மேலே அகலமான பட்டை விரிந்து, "ஒலியின்றி அழைக்கப்பட்டவை: 45, 46, 47" என்று எண்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஒலி திரும்பியதும் அதே பட்டையில் "இவர்களை மீண்டும் அழை" என்னும் பொத்தான் தோன்றும். அழைத்து முடிக்கும்வரை பட்டை மறையாது.

இந்த ஒரு மாற்றம், மற்ற எல்லாவற்றையும்விட மிகுதியாக உதவியது. ஒலி நின்றது என்ற செய்தியைக் காட்டிலும், 47ஆம் எண்காரர் கேட்கவில்லை என்ற செய்தி கவுண்டரில் இருப்பவரை உடனே எழுப்புகிறது. "தாத்தா, நீங்கதான் வரல" என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

சாளரம் சுருக்கப்பட்டிருக்கும்போது டாஸ்க்பாரில் உள்ள செயலிப் படத்தின் மேலேயே சிறு குறியை ஒட்டலாம். விண்டோஸ் 7 முதல் இதற்கு வழியுண்டு. டாஸ்க்பாரைச் சிறு பொத்தான்களாக வைத்திருந்தால் அது தெரியாது என்பதையும் சோதித்துப் பாருங்கள். கடிகாரத்துக்கு அருகிலுள்ள தட்டுப் படத்தை நம்ப வேண்டாம். விண்டோஸ் 11 புதிய படங்களை இயல்பாகவே அம்புக்குறிக்குள் மறைத்து வைக்கிறது. மூலையில் எழும் அறிவிப்புப் பெட்டியையும் நம்ப வேண்டாம்: இயல்பு அமைப்பில் அது 5 நொடியில் போய்விடும், தொந்தரவு வேண்டாம் என்னும் நிலையில் எழவே எழாது.

நிறத்தை மட்டும் வைத்து நிலையைச் சொல்லாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் எந்தக் கவுண்டரிலும் இருக்கலாம். வெயில் நேராக விழும் சித்திரை, வைகாசி மாதங்களில் மற்றவர்களுக்கும் மலிவு மானிட்டரில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2018இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டி 2.1, படங்களுக்கும் அவற்றின் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3க்கு 1 என்னும் ஒளிவேறுபாட்டையும், வழக்கமான அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்பதையும் கேட்கிறது. இணையத்துக்கென எழுதப்பட்டதானாலும் மேசைச் செயலிக்கும் இது நல்ல அளவுகோல். பட்டையைச் சிமிட்டச் செய்ய எண்ணுபவர்கள், நொடிக்கு மூன்று முறைக்கு மேல் சிமிட்டக் கூடாது என்று அதே வழிகாட்டி சொல்வதை மறக்கக் கூடாது. வலிப்பு நோயாளிகள் வந்து காத்திருக்கும் கூடங்களில் இது வெறும் விதிமுறை அன்று. நான் சிமிட்டுவதையே விட்டுவிட்டேன்.

"படத்தைப் பாத்தாங்க, ஆனா தப்பா புரிஞ்சுகிட்டாங்க"

குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படம், இப்போது ஒலி இல்லை என்று சொல்கிறதா, அழுத்தினால் ஒலி நிற்கும் என்று சொல்கிறதா? பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பதிலும் வரும். தமிழில் எழுத்தைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. "ஒலியை நிறுத்து" என்பது செயல், "ஒலி நிறுத்தப்பட்டுள்ளது" என்பது நிலை. பொத்தானின் அகலம் ஆங்கிலச் சொல்லுக்கென அளக்கப்பட்டிருந்ததால் இரண்டாவது வாசகம் பாதியில் வெட்டுப்பட்டு "ஒலி நிறுத்…" என்று நின்றது. அப்படி வெட்டுண்டால் செயலா நிலையா என்று சொல்ல எவராலும் முடியாது. தமிழில் வினையின் காலமும் பாலும் கடைசியில்தான் வருகின்றன. கடைசியை வெட்டினால் பொருளையே வெட்டியதாகும்.

ஆகவே நிலையைச் சொல்லக் குறுஞ்சொற்களைத் தேர்ந்தேன்: "ஒலி உண்டு", "ஒலி இல்லை". செயலைச் சொல்லும் பொத்தான் தனியாக, நிலைக்குப் பக்கத்தில், "ஒலியை இயக்கு" அல்லது "ஒலியை நிறுத்து" என்று முழுமையாக இருக்கும். நிலை ஒருபோதும் பொத்தானைப்போலத் தோன்றக் கூடாது. பொத்தான் ஒருபோதும் நிலையைச் சொல்லக் கூடாது. முன்பு சொன்ன "அடுத்து (ஒலி இல்லை)" இந்த விதிக்கு விலக்கு; அந்தப் பொத்தானின் செயல் ஒலியைப் பற்றியதன்று என்பதால் குழப்பம் வரவில்லை. எழுத்தின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு இயல்பாக வரும் நிர்மலா எழுத்துருவில், ஆங்கிலத்துக்கென அளந்த குறுகிய பெட்டிக்குள் மேலே இகரக் குறியும் கீழே உகரக் குறியும் வெட்டுப்படலாம். "ஒலி" என்பது "ஒல" என்று நின்றால் படிப்பவர் தயங்குவார்.

"மியூட் இல்ல, ஆனாலும் சத்தம் இல்ல, இருந்தாலும் ரொம்ப மெல்லிசு"

ஒலி அளவைச் சுழியத்துக்கு இறக்கியிருந்தால் மியூட் நிலை "இல்லை" என்றே வரும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே மியூட்டை மட்டும் கேட்காமல் அமர்வின் அளவையும் கணினியின் அளவையும் சேர்த்துப் பார்த்து, மிகக் குறைவாக இருந்தால் "ஒலி மிகக் குறைவு" என்று மூன்றாவது நிலை ஒன்றைக் காட்டுங்கள். எவ்வளவு குறைந்தால் குறைவு என்பதை அந்தக் கூடத்திலேயே, மின்விசிறிகள் எல்லாம் ஓடும்போது நின்று தீர்மானியுங்கள்.

திடீரென்று மெல்லியதாகி, சிறிது நேரத்தில் தானே சரியாகிவிட்டால், அதே கணினியில் யாரேனும் காணொளி அழைப்பில் பேசியிருப்பார்கள். அழைப்பு நடக்கும்போது மற்றச் செயலிகளின் ஒலியை 80 விழுக்காடு குறைப்பது விண்டோஸின் இயல்பு அமைப்பு. ஒலி அமைப்புகளில் "கம்யூனிகேஷன்ஸ்" தாவலில் "ஒன்றும் செய்யாதே" என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிற்கும். நிரலிலும் நம் அமர்வை இதிலிருந்து விலக்கிக்கொள்ள வழியுண்டு.

"எல்லாம் சரின்னு கம்ப்யூட்டர் சொல்லுது"

மிச்சமிருப்பது ஐந்தாம் மதகு. அந்தக் கூடத்தில் கணினி யுபிஎஸ்ஸில் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் நேரடி மின்சாரத்தில் இருந்தது. கரண்ட் போய் வந்தபின், பழைய ஆம்ப்ளிஃபையரின் ஸ்விட்சை ஒருவர் கையால் அழுத்தினால்தான் அது உயிர் பெறும். கணினிக்கோ ஒன்றுமே நடக்கவில்லை. டிவியின் ரிமோட்டில் செய்த மியூட், 3.5 மில்லிமீட்டர் கேபிளின் நடுவிலுள்ள திருகு, கழன்ற பிளக் ஆகியவையும் இப்படித்தான். நிரலால் பெரும்பாலும் இவற்றைப் பார்க்க முடியாது. இங்கே செயலி செய்யக்கூடிய நேர்மையான காரியம், தனக்குத் தெரிந்த எல்லைவரை மட்டும் சொல்வதுதான். "ஒலி உண்டு" என்று எழுதியிருந்த இடத்தில் "கணினியிலிருந்து ஒலி போகிறது" என்று மாற்றினேன். அதற்குப் பக்கத்தில் செயலி அனுப்பும் ஒலி மாதிரிகளைக் கொண்டே நாம் அளந்து வரையும் சிறு அளவுப் பட்டை ஒன்று ஏறி இறங்கும். அந்த வரியும் இருந்து, வெளியீட்டுக் கருவியும் சரியாக இருந்து, பட்டை ஆடியும் கூடத்தில் கேட்கவில்லையென்றால், தேட வேண்டிய இடம் கணினிக்கு வெளியே என்று கவுண்டரில் இருப்பவரே கண்டுகொள்கிறார்.

அதோடு, காலையில் செயலி திறந்ததும் ஒரு சோதனை அறிவிப்பு ஒலித்து, "கூடத்தில் கேட்டதா?" என்று திரை கேட்கும். "கேட்டது", "கேட்கவில்லை" என இரண்டே பொத்தான்கள். "கேட்கவில்லை" என்றால் ஆம்ப்ளிஃபையர் ஸ்விட்ச், பிளக், டிவி ரிமோட் என்று ஒவ்வொன்றாகப் படத்தோடு காட்டும். யுபிஎஸ் தெரிவித்து மின்தடைக்கான பதிவு கணினியில் இருந்தால் நண்பகலிலும் ஒருமுறை கேட்கும். மைக் வைத்துக் கூடத்தின் ஒலியைக் கணினியே கேட்டுச் சரிபார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நோயாளிகள் தங்கள் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்போதும் திறந்த மைக் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

"கண் தெரியாதவருக்கு எப்படிச் சொல்லறது?"

கவுண்டரிலோ அலுவலகத்திலோ, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் இருந்தால், நிலை மாறுவதை அது உடனே படிக்கும் நிலைச்செய்தியாக அறிவியுங்கள். படத்துக்கு மாற்றுப் பெயர் கொடுங்கள். கணினி முழுவதும் மியூட் ஆனால் திரைவாசிப்பானும் ஊமையாகிவிடும் என்பதால், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் காட்டி இருந்தால் அதற்கும் அதே செய்தி போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

திருத்திய பின் சோதிக்கும் முறை

கூடம் திறப்பதற்கு முன், கவுண்டர்ப் பணியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு மதகாக அடையுங்கள்: செயலியின் பொத்தான், மிக்ஸரின் வரி, விசைப்பலகையின் மியூட், வேறொரு வெளியீட்டுக் கருவி, சுழிய அளவு. ஒவ்வொன்றின்போதும் அவரை ஒரு டோக்கன் அழைக்கச் சொல்லி, என்ன ஆயிற்று, எங்கே சரிசெய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதிலைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் திரையைப் பார்த்தே சரியான இடத்தைச் சொன்னால் அந்த மதகு முடிந்தது. தயங்கினால் அந்த வரியின் வாசகத்தை அவர் சொல்லும் சொல்லாலேயே மாற்றி எழுதுங்கள். கணினியை அணைத்து மறுபடி இயக்கி, மிக்ஸர் மியூட்டை மட்டும் இன்னொரு முறை சோதியுங்கள். கடைசியாக ஆம்ப்ளிஃபையரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அவர் எழுந்து போய் அதைத் தொடும்வரை ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள்.